இடது மூலையில் நிற்கிறவள்

ஆகஸ்ட் 20, புதன்

இந்துமதி நேற்றோடு கடையை விட்டுப் போய்விட்டாள். என் கொழுந்தன் தனுஷ்கோடியின் பெண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. திருமங்கலம் கடைத்தெருவில் மாமியார் ஆரம்பித்த வள்ளி மேட்சிங் சென்டரை அவர் காலத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இனிமேல் நான் ஒருத்தி போதும். நிம்மதி.

விஷயம் ரொம்பச் சின்னது. ஒரு அம்மா பட்டுப்புடவை கொண்டுவந்து ரவிக்கைத் துணி கேட்டார். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இவள் தானாகப் போய் ஒரு ரோலை உருவிக்கொண்டு, புடவையையும் எடுத்து, வாசல் வெயிலில் வைத்துக் காட்டினாள். ஒரு ஷேடு தப்பு. நான் பிடுங்கி வைத்துவிட்டுச் சரியானதை எடுத்துக் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். "எடுக்கிறதுக்கு ஒரு கண்ணு வேணும் இந்து. நீ எப்பவும்போல அங்கிட்டு நில்லு, போதும்" என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். இவள் ஃபால்ஸ் டிராயரைச் சாத்தி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் சொன்னதில் பொய் இல்லை. இத்தனை வருஷமாகத் துணி எடுப்பது நான். அவள் இடது மூலையில் ஃபால்ஸ் டிராயரை ஒட்டி நின்று ஃபால்ஸும் லைனிங்கும் வெட்டுவாள், பில் போடுவாள். அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

இனி இந்த டைரியில் அவள் பெயர் வராது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கூட்டம் சுமார். அரக்கு தேடி எடுக்கக் கொஞ்சம் நேரமானது. கத்தரிக்காய் வாங்கினேன். பாதி சொத்தை.

ஆகஸ்ட் 25, திங்கள்

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் மயில்கழுத்து நிறத்தில் புடவை கொண்டுவந்தார். மயில்கழுத்து எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. எந்த நிறத்தைக் கேட்டாலும் அப்படித்தான். நான் யோசிப்பதே இல்லை. கை போகும், எடுத்து வரும். மூன்று சுவர் நிறைய ரோல், ஒன்றிலும் பேர் எழுதி ஒட்டியதில்லை.

இன்றைக்கும் கை போனது. வாடாமல்லியை எடுத்து வந்தது. மறுபடி போனது. கத்திரிப்பூ. மூன்றாம் தரம் என்னத்தையோ எடுத்தேன், டீச்சர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தா வர்றேன்" என்று சொல்லிப் புடவையை மடித்துப் பைக்குள் போட்டார். இந்தா வர்றேன் என்று போனவர்கள் வந்ததாகச் சரித்திரம் இல்லை. எதிர்த்த கடையில் ஏறியதை என் கண்ணால் பார்த்தேன்.

அவர் போன பிறகு தேடியதில் மயில்கழுத்து கிடைத்தது. என் மூக்குக்கு நேராகத்தான் இருந்திருக்கிறது. யாரோ இடம் மாற்றி வைத்திருக்க வேண்டும். யார் மாற்றுவார்கள், நான் ஒருத்திதானே இருக்கிறேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கடை அரை நாள். நாங்கள் கீழ் வீடு, அவர்கள் மாடி. மாடியிலிருந்து தனுஷ்கோடி ஒரு தூக்குவாளியில் கொழுக்கட்டை கொண்டுவந்து வைத்தான். பூரணத்தில் வெல்லம் ரொம்பக் கூடுதல். ஏழு சாப்பிட்டேன்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் வழக்கம்போலத் தோளோடு தோள் சேர்ந்து டீக்கடைக்குப் போகிறார்கள். வீட்டில் இரண்டு பொம்பளைகள் பேசிக்கொள்வதில்லை என்பது அவர்களுக்கு இன்னும் எட்டவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

அவளுக்கு மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது. தினமும் பஸ்ஸில் போகிறாள். காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, கொடியில் துண்டு காயப்போடப் போனேன். யூனிஃபார்ம் புடவை, வெளிர் நீலம். ரவிக்கை அதற்கு அரை ஷேடு கூட. அத்தனை மாடி கட்டி என்ன பிரயோஜனம்? வேலைக்கு வைத்த பெண்ணுக்கு ஒரு ரவிக்கை சேர்த்துக் கொடுக்கத் தெரியவில்லை. வயிறெரிந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் இவர் ஆரம்பித்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் சோலைமலை. டைரிதானே, பேரை எழுதினால் ஒன்றும் ஆகிவிடாது. போக்குவரத்துக் கழகத்தில் ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறார். கடை நடக்கிற லட்சணத்தை எதிர்த்த கடைக்காரனே இவரிடம் சொல்லிவிட்டானாம். தீபாவளி வியாபாரம் சரிப்படவில்லை என்றால் இடத்தை ஒரு மொபைல் கடைக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்று அண்ணனும் தம்பியும் பேசி வைத்திருக்கிறார்கள். டீக்கடையில் இதைத்தான் பேசுகிறார்கள் போல. கட்டிடம் அவர்கள் பேரில். நான் மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.

தீபாவளி வரைக்கும் டயம் இருக்கிறது. இந்தக் கடையை மொபைல் கடையாக்க விடமாட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

காரணம் டியூப்லைட். பழசாகி வெளிச்சம் மங்கிவிட்டது. நாலு எல்.இ.டி. மாட்டச் சொன்னேன். இப்போது மாந்துளிர் காப்பிக்கொட்டை மாதிரி தெரிகிறது. காப்பிக்கொட்டை எங்கே என்றே தெரியவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

காரணம் கண். கண்ணாடிக் கடையில் பர்வீன் என்று ஒரு பெண் சோதித்தாள். அதற்கென்றே படித்தவள். எழுத்து, புள்ளி, நிறம் எல்லாவற்றையும் காட்டிக் கேட்டாள். கண் பழுதில்லை அம்மா, இந்த வயசுக்கு இப்படி நிறம் பிரிக்கிறவர்களை நான் பார்த்ததில்லை என்றாள். அப்புறம் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டேன்.

கடையில் என்ன மாறியது என்று கேட்டாள். ஒன்றும் மாறவில்லை, ரோல் எல்லாம் அதே இடத்தில் அப்படியே இருக்கிறது என்றேன். கூட ஒருத்தி நிற்பாள், இப்போது நிற்பதில்லை, அவ்வளவுதான் என்றேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நம்ம ஒரு பொருளத் தேடுறப்ப அந்தப் பொருள மட்டும் தேடுறதில்லம்மா. அதச் சுத்தி என்னென்ன எங்கெங்க இருக்குன்னு மனசு தானா படம் பிடிச்சு வச்சிருக்கும். அந்தப் படம்தான் கண்ண இழுத்துட்டுப் போகும். அப்படி ஒரு படம் இருக்குறதே நமக்குத் தெரியாது. கேட்டா சொல்லவும் வராது."

அவர்கள் படிப்பில் இதற்கு ஒரு சோதனை உண்டாம். திரை நிறைய எழுத்தைக் கலைத்துப் போட்டு அதில் ஒன்றை மட்டும் தேடச் சொல்வார்களாம். ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்பக் காட்டினால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்களாம். முன்னே பார்த்த அமைப்பா என்று கேட்டால் மட்டும் தெரியாது என்பார்களாம்.

ஃபீஸ் வாங்கினதுக்கு ஏதாவது சொல்ல வேண்டும், சொன்னாள். ஒருத்தி மூலையில் நிற்பதற்கும் சுவரில் துணி இருப்பதற்கும் என்ன சம்பந்தம்?

செப்டம்பர் 13, சனி

எல்லாத் தட்டுக்கும் பேர் எழுதி ஒட்டினேன். ஸ்கெட்ச் பேனாவில், பெரிய எழுத்தில். இனிப் பிரச்சினை இல்லை.

சாயங்காலம் வந்த முதல் ஆள் கேட்டது வெங்காயத்தோல். நான் அதற்குப் பழைய ரோஸ் என்று எழுதியிருக்கிறேன். அடுத்த ஆள் மிட்டாய் ரோஸ் கேட்டாள். நான் எழுதியது ராணி ரோஸ். முன்பு புடவையைப் பார்த்தேன், எடுத்தேன். இப்போது புடவையைப் பார்த்து, அதற்கு நான் என்ன பேர் வைத்தேன் என்று யோசித்து, அந்தப் பேரை எங்கே ஒட்டினேன் என்று சுவர் முழுக்க எழுத்துக் கூட்டிக்கொண்டு நிற்கிறேன். ஏழரையை நானே பசை தடவி ஒட்டிவைத்திருக்கிறேன். கிழித்துப் போட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

இவரை ஒத்தாசைக்குக் கூட்டிப் போனேன். உலகத்தில் மொத்தம் ஐந்து நிறம்தான் என்று நினைக்கிற மனுஷன். பில் போடட்டும் என்று உட்காரவைத்தேன்.

மத்தியானம் ஒரு விசித்திரம். பாக்குப் பொட்டலத்தை எங்கேயோ வைத்துவிட்டு இடது மூலையில் ஃபால்ஸ் டிராயருக்குள் குனிந்து துழாவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் ஒரு பெண் கிளிப்பச்சை கேட்டாள். என் கை நேராகப் போய் எடுத்து வந்தது. அவளுடைய தங்கச்சிக்கு வெந்தய நிறம். அதுவும் வந்தது. பழைய வேகம். பாக்கு கிடைத்து அவர் நிமிர்ந்தார். அடுத்து வந்தவளுக்குச் சந்தன நிறம் தேடி முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

நான் யோசித்தேன். அவர் ஆறடி. குனிந்தால்தான் அவள் உயரத்துக்கு வருகிறார்.

செப்டம்பர் 19, வெள்ளி

அந்த மூலையில் ஸ்டூல் போட்டு இவரை உட்காரவைத்தேன். எதுக்கு என்றார். சும்மா உட்காருங்க என்றேன். மூன்று பேருக்குச் சரியாக எடுத்தேன். அதற்குள் மொபைலில் கிரிக்கெட் பார்க்கச் சுவரோரம் சாய்ந்துவிட்டார். சாயாதீங்க என்றேன். முதுகு வலி என்றார். கொஞ்சம் குட்டையா உட்காருங்க என்றேன். அது எப்படி என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நாளையிலிருந்து வரமாட்டாராம்.

செப்டம்பர் 20, சனி

ஷோகேஸில் ரவிக்கை மாட்டுகிற பொம்மையைத் தூக்கி மூலையில் நிறுத்தினேன். அவள் கடையில் விட்டுப்போன பழைய வாயில் புடவையை அதற்குச் சுற்றினேன். தலை கிடையாது. ஒரு கைக்குழந்தை அதைப் பார்த்து வீறிட்டு அழுதது. காரியமும் நடக்கவில்லை. அவள் இப்படி விறைத்துக்கொண்டு நின்றதில்லை. துணி வெட்டும்போது இடது பக்கம் லேசாகச் சரிவாள், பில் போடும்போது கழுத்தைச் சொறிவாள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

நவராத்திரி தொடங்கிவிட்டது. போன வருஷம் இந்த நேரம் வாசல் வரைக்கும் கூட்டம். இன்றைக்கு ஈ ஓட்டினேன். மொபைல் கடைக்காரன் வந்து வாசலை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனான். எனக்கு வணக்கம் வேறு சொன்னான். வீட்டுக்கு வந்து அழுதேன். வெங்காயம் உரித்ததாக இவரிடம் சொன்னேன். ரசம்தான் வைத்திருந்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கடை லீவு. மதுரைக்குப் போனேன். என்னுடைய மயில்கழுத்துப் புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்க வேண்டியிருந்தது. ஊருக்கே ரவிக்கைத் துணி விற்கிறவள் சொந்தக் கடையில் தேடிக் கிடைக்காமல் பஸ் ஏறிப் போனேன் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

மூன்றாவது மாடி. கவுன்டருக்குப் பின்னால் அவள் நின்றாள். நெஞ்சில் பேர் அட்டை குத்தியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றதால், "வாங்க மேடம், என்ன கலர் பாக்குறீங்க" என்றாள். நான் புடவையைப் பிரித்துப் போட்டேன்.

அவள் திரும்பித் தேடினாள். ஒரு பச்சையை எடுத்தாள், வைத்தாள். ஒரு நீலத்தை எடுத்தாள். சூப்பர்வைசர் உச்சுக் கொட்டினான். அவன் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தி, வாரா வாரம் தட்டெல்லாம் மாற்றி வைத்துவிடுகிறார்கள் அக்கா, ஒன்றும் பிடிபடவில்லை, தினமும் வசவு என்றாள். சொல்லிவிட்டு லேசாக இடது பக்கம் சரிந்து புடவையை மடிக்க ஆரம்பித்தாள்.

நான் எதுவும் நினைக்கவில்லை. என் கை கவுன்டரைத் தாண்டி, அவள் தோளுக்கு மேலே எக்கி, இரண்டாவது தட்டிலிருந்து ஒரு ரோலை உருவியது.

வெள்ளை லைனிங்.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் கடையில் மயில்கழுத்து அங்கேதான் இருக்கிறது, அவள் தோளுக்கு மேலே இரண்டாவது தட்டில். அவள் தோளை வைத்துத்தான் என் கை அங்கே போகிறது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கே தெரியாது.

"அக்கா" என்றாள், "இது நம்ம கடை இல்லக்கா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அங்கே ஏசி ரொம்ப அதிகம். சூப்பர்வைசர் திரும்பி வந்து, மேடத்துக்கு என்ன வேணும் என்று அவளை அதட்டினான். நான் அவனிடம் சொல்லவில்லை, அவளிடம் சொன்னேன்.

"நீதான் வேணும் இந்து. நீ அங்க இல்லாம எனக்கு ஒண்ணும் கண்ணுல பட மாட்டேங்குது. நான் பேசுனது தப்பு."

அவள் அந்த லைனிங்கை நிதானமாகச் சுற்றித் தட்டில் வைத்தாள். மாசக் கடைசி வரைக்கும் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். அப்புறம் ஒன்று சொன்னாள்.

"ஆனா துணி எடுக்கிறது நானு. நீங்க ஃபால்ஸ் வெட்டுங்க."

அவள் எடுத்தால் தீபாவளி என்ன கதியாகும் என்று தெரிந்துதான் சரி என்றேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இந்து வந்துவிட்டாள். கத்தரிக்கோல், அளவுகோல், பில் புக் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். பொம்மைக்கும் வைத்தாள். அதற்கு ஏன் என் புடவையைக் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். தூசிக்கு என்றேன்.

அக்டோபர் 4, சனி

ஒரு நாளைக்குப் பத்து ஷேடு தப்பாக எடுக்கிறாள். வந்தவர்கள் வாங்காமல் போய்க்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கை குறுகுறுக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு ஃபால்ஸ் வெட்டுகிறேன். கோணல்மாணலாக வருகிறது. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைத்திருந்தேன். லைனிங்கில் அரை ஜாண் வீணாக்கினேன். அவள் அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த மூலையிலிருந்து ஒரு துணியும் கண்ணுக்குத் தெரியாது. தூண் மறைக்கிறது, விளக்கு கண்ணில் அடிக்கிறது. தெரிவதெல்லாம் துணி எடுக்கிறவளுடைய முதுகு மட்டும்தான். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் முதுகு. அவள் இந்த வீட்டுக்கு வாழவந்ததிலிருந்து என் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

தீபாவளிக்காக ஞாயிற்றுக்கிழமையும் திறந்தோம். இந்துவுக்குக் கை வந்துவிட்டது. இரண்டு தடவை என்னைவிட நல்ல ஷேடாக எடுத்தாள். இதை எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

டீச்சர் வந்தார். எதிர்த்த கடையில் எடுத்தது ஒரே சலவையில் சாயம் போய்விட்டதாம். மயில்கழுத்து கேட்டார். இந்து எடுத்து வெயிலில் காட்டினாள். அச்சு அசல்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. கடை நிறைந்து படி வரைக்கும் ஆள். மொபைல் கடைக்காரனுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லியாகிவிட்டது. தனுஷ்கோடி வாசலில் நின்று டோக்கன் கொடுக்கிறான். அவன் கொடுக்கிற டோக்கனுக்கு யாரும் மதிப்புக் கொடுக்கவில்லை, ஆனாலும் கொடுக்கிறான்.

மூன்று மணிக்கு இவர் சாப்பாடு கொண்டுவந்தார். முதல்ல நீங்க போய்ச் சாப்பிடுங்கக்கா என்று இந்து என்னை அனுப்பினாள். பின்கட்டில் உட்கார்ந்து இரண்டு வாய் வைத்திருப்பேன். கடையிலிருந்து ஒரு குரல், இது இல்லங்க. கொஞ்ச நேரத்தில் மறுபடி, இதுவும் இல்லங்க. அப்புறம் ரோல் சரிந்து விழுகிற சத்தம்.

கையைக் கழுவிவிட்டுப் போய் என் மூலையில் நின்றேன். கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டேன். இந்து வியர்த்துப்போய் மூன்றாவது சுவர் ஓரம் தடவிக்கொண்டிருந்தாள். திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தாள். ஒரே ஒரு தரம், கண் இமைக்கிற நேரம்தான். உடனே கை நீட்டி எடுத்துவிட்டாள். அடுத்தவளுக்கும் அப்படித்தான். அதற்கு அடுத்தவளுக்கும். எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு பார்வை.

ராத்திரி ஷட்டரை இறக்கும்போது, நீ துணி எடுக்கிறதுக்கு முன்னாடி என்னை ஏன் பார்க்கிறாய் என்று கேட்டேன். நான் எங்கக்கா உங்களைப் பார்த்தேன், அதுக்கெல்லாம் இன்னைக்கு நேரம் ஏது என்றாள். பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது.

நானும் அப்படித்தான் இத்தனை வருஷமும், ஒவ்வொரு ரவிக்கைத் துணிக்கும் ஒரு தரம், அவளைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கடையில் நான் வேறு எதையும் அத்தனை தடவை பார்த்ததில்லை. அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாடிப்படி வரைக்கும் கூடவே போனேன். என்னக்கா என்றாள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் காலையில் கீழே வா, நான் தேய்த்துவிடுகிறேன் என்றேன்.